கடைசிப் பந்தி

அந்த ரப்பர் பேண்டைக் கொஞ்சம் ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுடறீங்களாம்மா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாட்டுக்கு சாம்பார் கவரைப் பிரிங்க, இட்லி சாப்பிடுங்க, எனக்கு ஒண்ணுமில்லை. அந்தச் சிவப்பு ரப்பர் பேண்டை விரல்ல மாட்டிக்கிட்டு இழுத்து இழுத்து விடறீங்க பாருங்க, அதைத்தான் பாக்க முடியலை. ஆங், போட்டுட்டீங்களா, நல்லது.

என்னடா இது, ரயில்ல ஏறின கிழவி ஒருத்தி அதிகாரம் பண்றாளேன்னு நினைப்பீங்க. காலம் பூரா அதிகாரம் பண்ணிப் பழகின வாய் இது. எனக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் குடுத்தாங்க, வாய்க்குக் குடுக்க மறந்துட்டாங்க.

நான் டாக்டர். பேரு மங்கையர்க்கரசி. உடனே நாடி பாக்கக் கையை நீட்டிடாதீங்க, நான் அந்த டாக்டர் இல்லை. மைக்ரோபயாலஜி. கிருமியைப் பாக்கற டாக்டர். இப்படிச் சொன்னா, "ஓ, ரத்தம் எடுக்கறவங்களா"ன்னு கேக்கற ஜனங்க நம்ம ஜனங்க. என் வீட்டுக்காரரோட சித்தப்பா சாகற வரைக்கும் என்னை நர்ஸ்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தார். போகட்டும். கொரோனா வந்துச்சு இல்லை, அப்பத்தான் இந்த மெட்ராஸ் பட்டணத்துக்கே நான் யாருன்னு தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் எங்க லேப்புக்கு ஒரு ஃபேன் ரிப்பேர்னு எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆகும். அந்த மார்ச் மாசம் ஒரு நாள் காலையில மூணு ஜீப் வந்து நின்னுச்சு. பெரிய அதிகாரி ஒருத்தர் இறங்கி, "மேடம், இப்ப பண்ற டெஸ்ட்டைப் போல இருபது மடங்கு பண்ணணும், எப்ப முடியும்?"னு கேட்டார். இட்லி மாவு கொஞ்சம் கூட அரைக்கச் சொல்ற மாதிரி.

மெஷின் இல்லைன்னேன். கால்நடைக் காலேஜ்ல இருக்கு, எடுத்துக்கோங்கன்னார். கோழிக்குக் காய்ச்சல் வந்தா டெஸ்ட் பண்ற மெஷின். கோழிக்குப் பண்ணினா என்ன, மனுஷனுக்குப் பண்ணினா என்ன, மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான். வந்து இறங்கிச்சு. மெஷினோட ஒரு வாத்தியாரும் வந்து இறங்கினான். இமானுவேல்னு பேரு. மாட்டு டாக்டர். மெதுவா பேசுவான், மெதுவா நடப்பான், எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்வான். அந்த நேரத்துல யோசிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லுங்க.

அடுத்தது இடம். ஊர் பூரா கேம்ப் போட்டு மூக்குல குச்சி விட்டு எடுக்கறாங்க இல்லை, அந்தக் குச்சி டியூப்ல போட்டு, ஐஸ் பெட்டியில வெச்சு, வண்டி வண்டியா வரும். வந்ததைப் பிரிக்கணும், நம்பர் பாக்கணும், வரிசைப்படுத்தணும், அப்புறம்தான் மெஷின். எங்க லேப்ல ரெண்டு பெட்டி வெச்சா மூணாவது ஆள் நிக்க முடியாது. பக்கத்துலயே ஒரு கல்யாண மண்டபம். ஊரே அடைஞ்சு கிடக்கு, கல்யாணம் யாரு பண்றா? பூட்டை உடைக்காத குறையா வாங்கினேன். சாப்பாட்டு ஹால்ல நீளநீளமா டேபிள் இருக்குமே, அதுல வாழை இலைக்குப் பதிலா ட்ரே. சுவத்துல 'நல்வரவு'ன்னு எழுதியிருக்கும், கீழ கவச டிரஸ் போட்டுக்கிட்டு பசங்க டியூப் அடுக்குவாங்க. இப்பவும் கல்யாண மண்டபம்னா எனக்கு மேளச் சத்தம் ஞாபகம் வராது, ஐஸ் பெட்டி மூடி திறக்கற சத்தம்தான். இன்னிக்கும் ஒரு மண்டபத்துக்குத்தான் போயிட்டிருக்கேன், அதை அப்புறம் சொல்றேன்.

சாப்பாட்டு ஹால்ங்கறதால பசங்க அதையே பேரா வெச்சுட்டாங்க. மெஷினுக்கு முதல்ல போற ட்ரே எல்லாம் முதல் பந்தி. அடுத்தது ரெண்டாம் பந்தி. கடைசியில போறது கடைசிப் பந்தி. "மேடம், ராயபுரம் ரெண்டாம் பந்தியில உட்கார்ந்தாச்சு"ம்பாங்க. சிரிப்பாத்தான் இருக்கும். அந்த மூணு மாசத்துல நாங்க சிரிச்சதே அதுக்கு மட்டும்தான்.

சரி, எது முதல் பந்தி? அதுதான் கேள்வி. அதுக்கு ஐடியா குடுத்தது நான். யாருக்கு மூச்சு வாங்குதோ அவங்களுக்கு முதல் பந்தி. ஏன்னா அப்ப பல ஆஸ்பத்திரிங்கள்ல பாசிட்டிவ்னு பேப்பரைக் காட்டினாத்தான் உள்ள விட்டாங்க. பேப்பர் இல்லைன்னா கட்டில் இல்லை. மூச்சுத் திணறிக்கிட்டு வாசல்ல நிப்பான், "ரிசல்ட் வரட்டும்"பான் செக்யூரிட்டி. அதனால கேம்ப்ல இருக்கற எல்லாருக்கும் சொன்னேன், மூச்சு வாங்கறவங்க டியூப்ல ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைச் சுத்தி அனுப்புங்கன்னு. ஸ்டிக்கர் ஒட்டினா ஐஸ்ல ஊறி உரிஞ்சுடும். பேனாவுல எழுதினா அழிஞ்சுடும். ரப்பர் பேண்ட் நிக்கும், கையுறை போட்ட கைக்கே தெரியும். பெரிய பெரிய படிப்பு படிச்ச அதிகாரிங்க கம்ப்யூட்டர்ல கலர் கலரா படம் போட்டுக் காட்டிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தருக்கும் தோணலை. எனக்குத் தோணுச்சு. ஒரு ரப்பர் பேண்ட்.

நல்லாத்தான் போச்சு, பெரிய மனுஷங்க மோப்பம் பிடிக்கற வரைக்கும்.

எப்படித்தான் தெரிஞ்சுதோ. முதல்ல ஒரு எம்.எல்.ஏ.வோட மச்சான் வீட்டு டியூப் சிவப்பு கட்டிக்கிட்டு வந்துச்சு. மூச்சு வாங்குதாம். போன்ல அரை மணி நேரம் மூச்சு விடாம என்கிட்ட பேசினான் அந்த ஆள். அப்புறம் ஜவுளிக் கடைக்காரர், அவர் சம்பந்தி, சம்பந்தி வீட்டுச் சமையல்காரர். சினிமா எடுக்கற ஒருத்தர், துபாய் போகணும், நெகட்டிவ்னு பேப்பர் வேணும், அதுக்கு ஒரு சிவப்பு. காலையிலேருந்து பி.ஏ.க்கள் போன். எல்லா பி.ஏ.வும் ஒரே மாதிரி பேசுவான், கவனிச்சிருக்கீங்களா? "மேடம், ஐயா உங்களை ரொம்ப விசாரிச்சார்"ம்பான். அந்த ஐயாவுக்கு என் பேரு அன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கும்.

நான் யாருக்கும் சிபாரிசு பண்ணினது கிடையாது. என் பையன் கனடா போக வேண்டியிருந்துச்சு, அவன் டியூபை நானே கையில எடுத்துட்டுப் போய் முதல் ட்ரேல வெச்சேன், அது வேற. அவனுக்கு ஃப்ளைட் இருந்துச்சு. அந்த ஃப்ளைட்டை விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது. அது சிபாரிசு இல்லை, அவசரம். இவனுங்களுக்கு என்ன அவசரம்?

கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? பெட்டியைத் திறந்தா பாதிக்கு மேல சிவப்பு. எல்லாமே முதல் பந்தின்னா அது என்ன பந்தி? அப்படி ஒரு நாள் நகைக் கடைக்காரர் ஒருத்தர் வீட்டுலேருந்து குடும்பம் பூராவுக்கும் டியூப் வந்துச்சு, எல்லாத்துலயும் சிவப்பு. இமானுவேல் படிவத்தைப் பாத்துட்டே நின்னான். என்னப்பான்னேன். "பிரின்ஸ்னு ஒரு பேரு இருக்கு மேடம். வயசு நாலு. ஆனா அப்பா பேரு போடற இடத்துல ஒண்ணும் எழுதலை"ன்னான். போன் போட்டுக் கேட்டா, நாய். லேப்ரடார் நாய். இருமுதாம். நாய்க்கு மூக்குல குச்சி விட்டு, சிவப்பு ரப்பர் பேண்ட் கட்டி, முதல் பந்தியில உட்கார வெச்சிருக்கான் பாருங்க. "உன் பேஷன்ட்டு வந்திருக்கு, கவனிச்சுக்கோ"ன்னேன் இமானுவேல்கிட்ட. அவன் சிரிக்கலை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு.

அப்பத்தான் சொன்னேன். "இனிமே சிவப்பு கட்டினது எதுவும் முதல் பந்தி கிடையாது. அத்தனையும் கடைசிப் பந்தி. காத்துக் கிடக்கட்டும். வரிசைன்னா என்னன்னு இந்த ஜென்மங்களுக்குத் தெரியட்டும்."

இமானுவேல் வழக்கம் போல ஒரு நிமிஷம் யோசிச்சான். "கேம்ப்ல இருக்கறவங்களுக்குச் சொல்லிடலாமா மேடம்? அவங்க இன்னும் மூச்சு வாங்கறவங்களுக்குச் சிவப்புதான் கட்டுவாங்க"ன்னான்.

சொன்னா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. இனிமே பச்சைன்னு கேம்ப்ல சொன்ன அஞ்சாவது நிமிஷம் பி.ஏ.க்குத் தெரியும். சிவப்பைக் கழட்டிட்டுப் பச்சையைக் கட்டுவானுங்க. அப்புறம் அவனுங்களை எப்படிப் பிடிக்கிறது? இதைத்தான் சொன்னேன். ஒரு வாரம் போகட்டும், யாருக்கும் மூச்சு விடாதேன்னேன். மாட்டு டாக்டர்தானே, தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். அதாவது, உடனே போகலை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "நிஜமாவே மூச்சு வாங்கறவங்களும் அதுல இருப்பாங்க மேடம்"ன்னான். "எத்தனை பேர் இருப்பாங்க? நாயைத் தவிர?"ன்னேன். அப்புறம்தான் போனான்.

அந்த வாரம் எனக்கு வந்த நிம்மதி இருக்கே. ஒவ்வொரு பி.ஏ.வா கூப்பிட்டுக் கெஞ்சறான். "பரிசீலனையில இருக்கு"ன்னு சொல்லிட்டு வெச்சுடுவேன். காலம் பூரா நம்மகிட்ட அவனுங்க சொன்ன வார்த்தை. எங்க லேப் ஃபேன் ஆறு மாசம் பரிசீலனையில இருந்துச்சு. இப்ப நகைக் கடைக்காரர் பரிசீலனையில இருக்கார். அவர் நாயும் இருக்கு. பசங்க எல்லாருக்கும் சந்தோஷம். நான் மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா, "மேடம், கடைசிப் பந்தி ஹவுஸ்ஃபுல்"னு கத்துவாங்க.

இப்ப என் தங்கச்சி கதைக்கு வரேன். காட்பாடில இறங்கி அவ வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் போறேன். அவ பொண்ணு கயல்விழிக்குக் கல்யாணம், வேலூர்ல. தங்கச்சி பேரு திலகவதி. எனக்கு எட்டு வயசு இளையவ. சின்ன வயசுல என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பா. அவளுக்குப் பாத்த மாப்பிள்ளை சிவஞானம், போஸ்ட் ஆபீஸ் உத்தியோகம். கடைசியில அயனாவரம் பக்கம் ஒரு சின்னப் போஸ்ட் ஆபீஸ்ல போஸ்ட் மாஸ்டர். நல்ல மனுஷர்தான், ஆனா பிழைக்கத் தெரியாதவர். ரேஷன் கடையில போய் வரிசையில நிப்பார். கடைக்காரன் இவர் போஸ்ட் ஆபீஸ்லதான் பணம் கட்டறான், முன்னாடி வாங்க சார்னு கூப்பிடுவான், இவர் போக மாட்டார். "இருக்கட்டும்பா, முறை வரட்டும்"பார். கயலுக்குக் காலேஜ் சீட்டுக்கு, நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும். கேக்கவே இல்லையே. தபால்ல விண்ணப்பம் போட்டுட்டு உட்கார்ந்திருந்தார். போஸ்ட் மாஸ்டர் இல்லையா, தபால் மேல அவ்வளவு நம்பிக்கை.

இதை ஏன் சொல்றேன்னா, அப்படிப்பட்டவரே கடைசியில என் பேரைச் சொல்லிக் காரியம் சாதிக்கப் பாத்தார்னா மத்தவங்களை என்ன சொல்றது.

அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான்தான் முன்னாடியே சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருந்தேனே, டெஸ்ட் விஷயமா யாரும் எனக்கு போன் பண்ணக் கூடாது, யாருக்கும் எதுவும் பண்ண மாட்டேன்னு. நல்லாக் கொட்டை எழுத்துல போட்டேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற படத்தைப் போட்டுட்டு அடங்கிட்டாங்க. திலகாவும் போட்டா.

அவ எனக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினா. "அக்கா, நேரத்துக்குச் சாப்பிடறியா?" அவ்வளவுதான். நான் பாத்தேன். பெட்டி வந்து இறங்கற நேரம், கையில ரெண்டு கையுறை, பதில் போட முடியலை. அடுத்த நாளும் அதையே அனுப்பினா. "அக்கா, சாப்பிட்டியா?" உன் புருஷனுக்கு மூச்சு வாங்குதுன்னா மூச்சு வாங்குதுன்னு சொல்லித் தொலைக்கணும். சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டா எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? இப்பவும் நினைச்சா கோபம் கோபமா வருது. நான் சொன்னது ஊருக்கு, கூடப் பிறந்தவளுக்கா சொன்னேன்?

தெருமுனையில போட்ட கேம்ப்ல அவர் வரிசையில நின்னு டெஸ்ட் குடுத்திருக்கார். வீட்டுக்கு வந்து ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒரு ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க, ரிப்போர்ட் எங்கன்னான். இன்னொரு இடத்துல கேட்டிருக்காங்க, அங்கயும் ரிப்போர்ட் எங்கன்னான். வருதுங்க, வந்துடும்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. நாலாவது நாளோ என்னமோ, காலையில அவளோட எதிர்வீட்டு அம்மா எனக்கு போன் பண்றாங்க. ஆட்டோவுல கூட்டிட்டுப் போற வழியிலயே போயிட்டாராம். ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவுலயே வெச்சிருக்காங்களாம். ரிசல்ட் தெரிஞ்சாத்தான் உடம்பை வீட்டுக்குக் குடுக்கறதா, நேரா எடுத்துட்டுப் போறதான்னு முடிவு பண்ணுவாங்களாம். "உங்க லேப்லதான் இருக்காம், கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களாம்மா"ன்னாங்க.

போய்ப் பாத்தேன். படிவத்துல நம்பரைப் பாத்துக்கிட்டு முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, எல்லா ட்ரேயையும் நானே தேடினேன். இல்லை. இமானுவேல் சுவரோரமா இருந்த டேபிளைக் காட்டினான். கடைசிப் பந்தி. நகைக் கடைக்காரரோட டியூபுக்கு ரெண்டு வரிசை தள்ளி இருந்துச்சு. சிவப்பு ரப்பர் பேண்ட்.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? சீன்னு இருந்துச்சு. நீங்களுமா? ரேஷன் கடையில முன்னாடி போக மாட்டீங்க, என் லேப்ல மட்டும் முன்னாடி போகணுமா? அக்கா பேரைச் சொல்லிக் கட்டியிருக்காங்க. வேற எப்படிக் கட்டியிருப்பாங்க? அந்தக் கேம்ப்ல போய், "மங்கை மேடம் எங்க அக்காதான்"னு ஒரு வார்த்தை விட்டிருப்பா திலகா. விட்டிருப்பா. அவ்வளவு பெரிய வேலையில அக்கா இருக்கா, சொல்லாம இருப்பாளா?

உடனே மெஷின்ல போட்டேன். பாசிட்டிவ். நேரா சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் போகலை. போனா என்னையும் பதினாலு நாள் ரூம்ல போட்டுடுவாங்க, லேப்பை யார் பாப்பா? நம்ம கார்ப்பரேஷன் ஆளுங்க வேகத்தைப் பாருங்க, அன்னிக்குச் சாயந்திரமே உள்ள இருக்கறவங்க வெளிய வராதபடி அவ வீட்டு கேட்டுல தகரம் அடிச்சுட்டாங்க. ஒரு ரிசல்ட் உருப்படியா நேரத்துக்குப் போய்ச் சேந்ததுன்னா அது தகரம் அடிக்கறவனுக்குத்தான்.

மறுநாள் அவளுக்கு போன் பண்ணினேன். அழுவான்னு நினைச்சேன். அழலை. அப்புறம் கேட்டா.

"அக்கா, சிவப்பு கட்டினா சீக்கிரம் வந்துடும்னு அந்தக் கேம்ப் பொண்ணு சொல்லுச்சே? அதை நம்பித்தான் நாங்க வீட்டுலயே உட்கார்ந்திருந்தோம். இல்லைன்னா எங்கயாவது அலைஞ்சு திரிஞ்சு சேத்திருப்பேனே."

எனக்கு ஒரு கேள்விதான் இருந்துச்சு, அதைக் கேட்டேன். "யார் பேரைச் சொல்லிக் கட்டச் சொன்னே?"

அவ பதிலே சொல்லலை. அப்புறம் வெச்சுட்டா. தப்பு பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லணும் இல்லையா? சொல்லலையே. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. பாவம் போனவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அவ சொல்லியிருக்கணும்.

இந்த இமானுவேல் இருக்கானே, அவனை யாரு கேட்டா? ரெண்டு நாள் கழிச்சு என் ரூமுக்கு வந்து நின்னான். அந்தக் கேம்புக்குத் தானே நேர்ல போய் விசாரிச்சானாம். மூக்குல குச்சி விட்ட அந்தப் பொண்ணுக்கு அவர் யாருன்னே தெரியாதாம். யார் பேரையும் அவங்க சொல்லலையாம். பேசறப்ப நடுவுல நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கினாராம், அதைப் பாத்து அந்தப் பொண்ணாவே கட்டுச்சாம். "நாம சொன்ன மாதிரியே பண்ணியிருக்கு மேடம்"ன்னான்.

நான் சொன்னேன், "இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வேலை போயிடும்னு பயம்." அவன் யோசிக்கவே இல்லை. அன்னிக்கு ஒரு நாள்தான் அவன் யோசிக்காம பதில் சொன்னான். "இல்லை மேடம், அதுக்கு இன்னும் நாம மாத்தினதே தெரியாது. இன்னிக்கும் கட்டிக்கிட்டிருக்கு"ன்னான்.

அன்னிக்கே அந்த ஏற்பாட்டை நிறுத்திட்டேன். அவன் சொன்னான்னு இல்லை. பெரிய மனுஷங்க எல்லாம் அதுக்குள்ள பிரைவேட் லேப்புக்குப் போயிட்டாங்க, வெச்சிருந்து என்ன பிரயோஜனம்? ஒருத்தனாவது பாடம் கத்துக்கிட்டானா? இல்லையே. காசு குடுத்து அங்க முதல் பந்தியில உட்கார்ந்துட்டான். நகைக் கடைக்காரர் நல்லா இருக்கார். போன மாசம் பேப்பர்ல அவர் படம் பாத்தேன், புதுக் கிளை திறந்திருக்கார்.

என்ன கேட்டீங்க? கடைசிப் பந்தியில வேற யார் யார் டியூப் எல்லாம் இருந்துச்சுன்னா? எனக்கு எப்படிம்மா தெரியும். டியூப்ல நம்பர்தான் இருக்கும், மூஞ்சியா இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? இருபது மடங்கு கேட்டாங்க, நான் முப்பது மடங்கு பண்ணிக் காட்டினேன். அதை யாரும் கேக்க மாட்டீங்க. சுதந்திர தினத்தன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சால்வை போட்டாங்க. எனக்கும் போட்டாங்க. இமானுவேல் பேரையும் நான்தான் எழுதிக் குடுத்தேன், அவன் வரவே இல்லை. சால்வை போட வராத ஆளை என்ன சொல்றது.

திலகா அந்த வருஷமே வீட்டைக் காலி பண்ணிட்டு வேலூருக்கு வந்துட்டா. போன் கிடையாது, போக்குவரத்து கிடையாது. நானும் விட்டுட்டேன். நாம என்ன தப்பு பண்ணினோம் போய்க் கால்ல விழ? இப்ப கல்யாணம்னு பத்திரிகை வந்துச்சு. எப்படி வந்துச்சு? போன்ல. மெசேஜா. கூடப் பிறந்த அக்காவுக்குத் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு, நேர்ல வந்து அழைக்கணும். போஸ்ட் மாஸ்டர் பொண்டாட்டி, தபால்லயாவது அனுப்பியிருக்கலாம். என் வீட்டுக்காரர் போக வேண்டாம்னுட்டார். நான்தான், கயல் என்ன பண்ணுவா பாவம், நான் தூக்கி வளத்த குழந்தைன்னு கிளம்பிட்டேன். இந்தப் பையில அவளுக்கு வளையல் இருக்கு. அந்த நகைக் கடையில வாங்கலை, வேற கடை.

நேத்து கயல் போன் பண்ணினா. "பெரியம்மா, நிச்சயமா வரீங்க இல்லை? அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க"ன்னா. கையில மடிச்சுக்கிட்டிருந்த புடவையை அப்படியே கீழ வெச்சுட்டேன், பொய் சொல்லலை. என்னடீன்னேன்.

"பெரியம்மா வந்தா முதல் பந்தியிலயே உட்கார வெச்சுடணும், காத்திருக்க வைக்கக் கூடாதுன்னு பந்தி விசாரிக்கறவங்க எல்லார்கிட்டயும் அம்மா சொல்லி வெச்சிருக்காங்க பெரியம்மா."

பாத்தீங்களா? நீங்களும் கல்யாணம் காட்சி பாத்தவங்கதானே, சொல்லுங்க. முதல் பந்தி யாருக்கு? சம்பந்தி வீட்டுக்கு. ஊர்ப் பெரிய மனுஷங்களுக்கு. வந்துட்டு வண்டி பிடிக்கணும்னு அவசரப்படற வெளியாளுக்கு. பொண்ணுக்குப் பெரியம்மா, கூடப் பிறந்தவ, எப்ப உட்காருவா? வந்தவங்களை எல்லாம் கவனிச்சு, பாயசம் எல்லாருக்கும் போச்சான்னு பாத்து, ஹாலே காலியானதுக்கு அப்புறம், வீட்டு மனுஷங்களோட ஒண்ணா உட்காருவா. மிச்சம் இருக்கறதைப் போட்டுக்கிட்டு, அக்கா தங்கச்சி பக்கத்துல பக்கத்துல. எங்க அம்மா வீட்டுல எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தான். திலகாவுக்கு அது தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. சீக்கிரம் சாப்பாட்டைப் போட்டு அனுப்பிடலாம்னு பாக்கறா.

நான் போக மாட்டேன். முதல் பந்திக்குப் போக மாட்டேன். எவன் வந்து கையைப் பிடிச்சு இழுத்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, நான் இருக்கேன், திலகா எப்ப சாப்பிடறாளோ அப்ப அவ பக்கத்துல உட்கார்றேன்னு சொல்லப் போறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவ கூப்பிட மாட்டான்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

வேகம் குறையற மாதிரி இருக்கே, காட்பாடி வந்துடுச்சா? அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. என்ன நீங்க, இட்லியைத் தொடவே இல்லையே. அப்படியே வெச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கீங்க. சாப்பிடுங்க, ஆறிப்போச்சு பாருங்க.